கேமரா கிளம்பிய மறுநாள்: 'வீ ஆர் ஹியர்' தொடரை உருவாக்கியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஸ்டீபன் வாரன், ஜானி இங்ரம் ஆகியோருக்கும், தொடரை ஒளிபரப்பிய ஹெச்.பி.ஓ. நிறுவனத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

2020 ஏப்ரல் முதல் 2024 வரை நான்கு சீசன்களாக வெளிவந்த உங்கள் 'வீ ஆர் ஹியர்' தொடர் எம்மி விருதும் பீபடி விருதும் பெற்றது. அவற்றுக்கு அது தகுதியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனாலும் அதில் ஒரு குறையைக் கண்டேன்; அதைச் சொல்லவே இம்மடல். ஒரு சிறு நகரத்தில் உள்ளூர்க்காரர்கள் 'டிராக்' எனப்படும் மிகைப்பாலின வேடமிட்டு ஓரிரவு மேடையேறுவதை நீங்கள் கதையின் முடிவாக வைத்துக்கொண்டீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கோ அது முடிவன்று. அடுத்த முறை தாங்களாகவே ஒரு நிகழ்ச்சி நடத்த நினைத்து அனுமதி விண்ணப்பத்தைக் கையில் எடுக்கும்போதுதான் அவர்களுடைய கதை தொடங்குகிறது. அது நகர்மன்றக் கூட்டத்திலும் சில இடங்களில் நீதிமன்றத்திலும் தொடர்கிறது. அந்தக் கதை உங்கள் தொடரில் மிகக் குறைவாகவே வருகிறது.

இதைத் தமிழில் எழுதக் காரணம் உண்டு. உங்கள் தொடர் சென்று வந்த மாநிலங்களில் வேலைக்கும் படிப்புக்கும் போய் வீடு வாங்கி, வரி கட்டி, வாக்களிக்கும் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களும், இங்கே இருந்துகொண்டு அமெரிக்காவைப் பெருநகரங்கள் வழியாகவே அறிந்த மற்றவர்களும் இதை உங்களோடு சேர்ந்து படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

தொடரைப் பார்த்திராத அவர்களுக்காகச் சில வரிகள். முதல் மூன்று சீசன்களில் பாப் த டிராக் குவீன், ஷாஞ்செலா, யுரேகா ஆகிய மூன்று புகழ்பெற்ற கலைஞர்கள் அலங்கார வாகனங்களில் ஏதேனும் ஒரு சிற்றூருக்குப் போய் இறங்குவார்கள். ஆளுக்கு ஓர் உள்ளூர்க்காரரைத் தேர்ந்தெடுத்து, ஒப்பனையும் உடையும் நடையும் கற்றுக்கொடுத்து, ஊரார் முன் மேடையேற்றுவார்கள். டிராக் என்பது பாலின அடையாளங்களை வேண்டுமென்றே மிகைப்படுத்தி வேடமிட்டு ஆடியும் வாயசைத்துப் பாடியும் நடத்தும் மேடைக்கலை. அதை ஆடுபவர் எல்லாரும் திருநங்கையர் அல்லர். திருநங்கையர் எல்லாரும் அதை ஆடுபவர்களும் அல்லர். யுரேகா மூன்றாம் சீசன் வந்த காலத்தில் தன்னைத் திருநங்கை என்று வெளிப்படையாக அறிவித்தார். அது அவருடைய வாழ்க்கை, வேடத்தின் விளைவன்று. இந்த வேறுபாட்டைப் பொறுமையாக விளக்கியது உங்கள் தொடரின் சிறப்புகளில் ஒன்று.

வேறு சிறப்புகளும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரின் நினைவிடமாக மட்டுமே உலகம் அறிந்த கெட்டிஸ்பர்க்கில், தன் மகளின் பாலீர்ப்பை ஏற்க மறுத்த ஒரு தாய், அவளிடம் மன்னிப்புக் கேட்கும் வழியாக மேடையைத் தேர்ந்தெடுத்தார். 1965 மார்ச்சில் கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காக ஊர்வலமாக நடந்தவர்கள் எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் தடியடி பட்ட செல்மா நகருக்குப் போனீர்கள். ஹவாய்த் தீவின் கோனாவில், ஆண் பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத 'மாஹூ' மரபினரைப் பற்றி, அவர்கள் நேற்று முளைத்தவர்கள் அல்லர் என்று பார்வையாளருக்குத் தெரியும்படி காட்டினீர்கள். பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் பாதியில் நின்ற ஸ்பார்டன்பர்க் படப்பிடிப்பை இரண்டாம் சீசனில் திரும்பிப் போய் முடித்தீர்கள். திரும்பிப் போவது உங்களால் முடியாத காரியமன்று என்பதை நினைவூட்டவே இந்தக் கடைசித் தகவலைச் சொல்கிறேன்.

இனி யூட்டா மாநிலத்தின் செயின்ட் ஜார்ஜ் நகருக்கு வருகிறேன். என் வாதத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

மாநிலத்தின் தென்மேற்கு மூலையில், செம்பாறை மலைகளுக்கு நடுவே, சையன் தேசியப் பூங்காவுக்குப் போகும் வழியில் உள்ள ஊர் அது. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. மார்மன் என்ற கிறித்தவப் பிரிவின் திருச்சபை ஆலயம் 1877 முதல் அங்கே இருக்கிறது. 2022 கோடையின் தொடக்கத்தில் நீங்கள் அங்கே படம்பிடிக்க விண்ணப்பித்தீர்கள். நகர நிர்வாகம் அனுமதி வழங்கியது. பொது இடத்தில் டிராக் நிகழ்ச்சியா என்று சில நகர்மன்ற உறுப்பினர்கள் கொதித்து, அந்த அனுமதியை ரத்து செய்யுமாறு நகர மேலாளர் ஆடம் லென்ஹார்டுக்கு நெருக்கடி கொடுத்தார்கள். நிகழ்ச்சியின் உள்ளடக்கம் பிடிக்கவில்லை என்பதற்காக அரசு அமைப்பு ஒன்று அனுமதியை மறுப்பது அரசமைப்புக்கு முரண் என்று அவர் பதிலளித்தார். நிகழ்ச்சி நடந்தது. சில மாதங்களில் லென்ஹார்ட் பதவியை விட்டு விலக நேர்ந்தது. வழக்கைத் தவிர்க்க நகரம் அவருக்குக் கொடுத்த தொகை 6,25,000 டாலர். ஊரின் மானத்தைக் காப்பதாகச் சொன்னவர்கள் ஊரின் வரிப்பணத்தைச் செலவழித்த கதை அது. அந்த முரண் செயின்ட் ஜார்ஜோடு முடிந்துவிடவும் இல்லை.

உங்கள் படக்குழு போன பிறகு, 2023 வசந்தத்தில், சதர்ன் யூட்டா டிராக் ஸ்டார்ஸ் என்ற உள்ளூர்க் குழு பூங்கா ஒன்றில் எல்லா வயதினரும் வரக்கூடிய நிகழ்ச்சி நடத்த விண்ணப்பித்தது. நகரம் மறுத்தது. அனுமதி கிடைக்கும் முன்பே விளம்பரம் செய்துவிட்டார்கள் என்பது சொல்லப்பட்ட காரணம். விதிப்புத்தகத்தில் அப்படி ஒரு விதி இருந்தது உண்மை. ஆனால் மற்றவர்கள் எல்லாரும் அதே போல முன்கூட்டி விளம்பரம் செய்துவந்தபோது அந்த விதி உறங்கிக்கொண்டிருந்தது. பழைய திருவிழாக்களைத் தொடர அனுமதித்து, புதிதாகக் கேட்பவர்களின் விண்ணப்பங்களை மட்டும் ஆறு மாதம் நிறுத்திவைக்கும் முடிவையும் நகர்மன்றம் அப்போது எடுத்திருந்தது. குழுவினர் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2023 ஜூன் 16 அன்று நீதிபதி டேவிட் நஃபர், விளம்பர விதி ஒரு சாக்கு மட்டுமே என்றும், நகரம் பேச்சுரிமையை மீறிப் பாகுபாடு காட்டியது என்றும் கருதி, நிகழ்ச்சிக்கு இடம் தரும்படி ஆணையிட்டார். அம்மாத இறுதியில் நிகழ்ச்சி நடந்தது.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊர் ஒன்று, மன்றம் ஒன்று, கலையும் ஒன்று. நீங்கள் விண்ணப்பித்தபோது உங்களிடம் சட்டத்துறையும் காப்பீடும் காவலர்களும், அனுமதி வாங்குவதையே வேலையாகக் கொண்ட ஊழியர்களும் இருந்தார்கள். உங்களை மறுத்தால் நாடு முழுவதும் செய்தியாகும் என்ற அச்சமும் எதிர்த்தரப்புக்கு இருந்தது. உள்ளூர்க் குழுவிடம் இவற்றில் எதுவும் இல்லை. டிராக் என்ற சொல்லை அந்த நகர்மன்றத்தின் பெரிய விவாதமாக ஆக்கியது உங்கள் வருகை; அந்த விவாதத்தின் விலையைக் கொடுத்தவர்கள், நீங்கள் போன பிறகும் அங்கேயே வாழ வேண்டியிருந்தவர்கள். உங்கள் செயின்ட் ஜார்ஜ் பகுதி 2022 இறுதியில் ஒளிபரப்பாகிவிட்டது. வழக்கும் தீர்ப்பும் அதற்குப் பின் வந்தவை. ஆகவே அவை அதில் இல்லாதது அந்த நேரத்தில் உங்கள் பிழையன்று. ஆனால் அதற்குப் பிறகு உங்களுக்கு இன்னொரு சீசன் இருந்தது.

செயின்ட் ஜார்ஜைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த ஊரில் குளிர்காலத்தைக் கழிக்கத் தனி வீடு வைத்திருந்தவர் மார்மன் தலைவர் பிரிகம் யங். அவருடைய மகன்களில் ஒருவரான பிரிகம் மாரிஸ் யங், 19ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளிலும் அதற்குப் பிறகும், 'மேடம் பட்டிரீனி' என்ற இத்தாலியப் பாடகியாக வேடமிட்டு, பெண்குரலில் பாடி, யூட்டாவின் மேடைகளில் கைதட்டல் வாங்கியவர். திருச்சபை நிகழ்ச்சிகளிலேயே அவர் பாடினார். அமெரிக்கத் தென்மாநிலங்களின் சிற்றூர்களிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் 'பெண்ணில்லாத் திருமணம்' என்ற கேளிக்கை நாடகம் பரவலாக இருந்தது. மணமகள் முதல் தோழியர் வரை எல்லா வேடங்களையும் ஊரின் பெரிய மனிதர்களான ஆண்களே கட்டுவார்கள். வசூலாகும் பணம் பள்ளிக்கூடத்துக்கோ தேவாலயத்துக்கோ போகும். ஆக, ஆண் பெண்ணுடை அணிந்து பொதுமேடையில் தோன்றுவதே அந்த ஊர்களுக்கு அதிர்ச்சி என்று யாரேனும் சொன்னால், அது அவர்களுடைய சொந்த வரலாற்றுக்கே பொருந்தாது.

இது தமிழருக்குப் புரியாத செய்தியன்று. தெருக்கூத்தில் திரௌபதி வேடம் கட்டுபவர் பெரும்பாலும் ஆண்தான். துகிலுரிதல் காட்சியில் ஊரே அவர் முன் கைகூப்பும். ஔவையாராக நடித்த டி. கே. சண்முகத்தை 'ஔவை சண்முகம்' என்றே தமிழுலகம் மரியாதையோடு அழைத்தது. ஆனால் கூத்தும் டிராக்கும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. கூத்தில் வேடத்துக்குக் கோயிலின் காப்பு இருக்கிறது. பெண்ணில்லாத் திருமணத்தில் வேடம் கட்டியவரின் அந்தஸ்து காப்பாக இருந்தது. மறுநாள் காலை அவர் மீண்டும் வங்கி மேலாளராகிவிடுவார் என்று எல்லாருக்கும் தெரியும். டிராக் கலைஞருக்கு இந்தக் காப்பு எதுவும் கிடையாது. ஊர் கேட்காமல் தானாக மேடையேறுகிறார் என்பதும், மேடையிலிருந்து இறங்கிய பிறகும் ஊர் எதிர்பார்க்கும் மனிதராக மாறாமல் போகலாம் என்பதுமே அவர்மேல் உள்ள கோபம். அதனால்தான் எந்த ஊரிலும் தகராறு வேடத்தைப் பற்றி வெளிப்படையாக எழுவதில்லை. இடம் யாருடையது, அனுமதி யார் கொடுப்பது என்று சுற்றி வருகிறது.

பெருநகரத்தில் டிராக் கலைஞருக்குத் தன்பாலீர்ப்பினர் கூடும் மதுவிடுதிகளும் இரவுக் கூடங்களும் இருக்கின்றன. அங்கே உரிமையாளரே அவர் பக்கம். சிற்றூரில் அப்படிப்பட்ட இடம் இருந்தால் அதிசயம். தனியார் மண்டபத்துக்காரர் காரணம் சொல்லாமலேயே மறுக்கலாம், அண்டை வீட்டார் முகம் சுளிப்பார்களே என்று அஞ்சியும் மறுக்கலாம். மிஞ்சுவது நகரத்துக்குச் சொந்தமான பூங்காவும் சதுக்கமும்தான். அமெரிக்கச் சட்டத்தில் பேச்சுரிமை மிகவும் வலுவாக நிற்கும் இடங்களும் அவையே. டிராக் கலைஞர்கள் வேண்டுமென்றே குழந்தைகள் விளையாடும் பூங்காவைத் தேடி வருகிறார்கள் என்று குற்றம் சாட்டுபவர்கள், அவர்களுக்கு ஊரில் வேறு எந்தக் கதவு திறந்திருக்கிறது என்று சொல்வதில்லை. உங்கள் தொடரும் இதைப் பார்வையாளருக்கு விளக்கியிருக்கலாம். மேடை எப்படியோ கிடைத்துவிட்டது போலவே பல பகுதிகள் நகர்கின்றன.

நான்காம் சீசனில் நீங்கள் இதை ஓரளவு உணர்ந்தது போலத் தெரிந்தது. சாஷா வெலூர், பிரியங்கா, ஜைடா எசென்ஸ் ஹால் ஆகிய புதிய கலைஞர்கள் வந்தார்கள். லட்ரீஸ் ராயலும் இணைந்தார். வாரத்துக்கு ஓர் ஊர் என்று பறந்துபோவதை விட்டுவிட்டு டென்னசியிலும் ஓக்லஹோமாவிலும் நீண்ட நாள் தங்கினீர்கள். இடத்தேர்வும் சரியானது. டென்னசி ஆளுநர் பில் லீ 2023 மார்ச்சில் கையெழுத்திட்ட சட்டம், சிறுவர் பார்வையில் படக்கூடிய இடங்களில் 'ஆண் அல்லது பெண் வேடமிடுவோர்' நடத்தும் சில வகை நிகழ்ச்சிகளைக் குற்றமாக்கியது. இரண்டாம் முறை பிடிபட்டால் ஆண்டுக்கணக்கில் சிறை என்னும் அளவுக்குக் கடுமையானது. மெம்ஃபிஸ் நகரின் ஒரு நாடகக் குழு தொடுத்த வழக்கில் கூட்டாட்சி நீதிபதி தாமஸ் பார்க்கர் 2023 ஜூனில் அது அரசமைப்புக்கு முரண் என்றார். 2024 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம், வழக்குத் தொடுக்கும் தகுதி அந்தக் குழுவுக்கு இல்லை என்று சொல்லி அத்தீர்ப்பை நீக்கியது. சட்டம் சரியா தவறா என்ற கேள்வியை அது தீர்க்கவே இல்லை. இப்படித் தெளிவில்லாத நிலையில் ஒரு சட்டம் தலைக்கு மேல் தொங்கினால், யாரையும் கைது செய்யாமலேயே அது வேலை செய்துவிடும். மண்டபத்துக்காரர் பின்வாங்குவார், காப்பீட்டு நிறுவனம் தயங்கும், கலைஞர் அடுத்த மாநிலத்துக்குப் போய்விடுவார்.

டென்னசியில் நீங்கள் போன மர்ஃப்ரீஸ்பரோ நகரில் நடந்ததும் இதே வகை. 2022இல் நடந்த பிரைட் விழாவில் (பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினரின் பெருமித விழா) டிராக் நிகழ்ச்சி இடம்பெற்றதைச் சுட்டி, அதன் அமைப்பாளர்களுக்கு இனி அனுமதியில்லை என்றார் நகர மேலாளர். அடுத்த ஆண்டு நகரம் 'கண்ணியச் சட்டம்' ஒன்றை இயற்றியது. அது சுட்டிய பழைய வரையறைப் பட்டியலில் தன்பாலீர்ப்பும் ஆபாசத்தில் சேர்ந்திருந்தது. வழக்கு வந்தது. 2024 பிப்ரவரியில் நகரம் 5,00,000 டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு அந்தச் சட்டத்தையும் திரும்பப் பெற்றது. செயின்ட் ஜார்ஜில் பார்த்த அதே முரண்தான்: தடுக்க நினைத்தவர்கள் பொதுப்பணத்தைக் கொடுத்து விலகினார்கள். இத்தகைய வழக்குகளைத் தொலைக்காட்சிக்காரர்கள் வெல்லவில்லை. கூட்டம் கூட்டமாக நகர்மன்றத்துக்குப் போய், மூன்று நிமிடம் பேச அனுமதி வாங்கி, வீடியோவில் தங்கள் முகம் பதிவாகும் என்று தெரிந்தே பேசிய உள்ளூர்க்காரர்களும், அவர்களுக்காக வாதாடிய உரிமை அமைப்புகளும் வென்றார்கள்.

உங்கள் பதிலை என்னால் ஊகிக்க முடிகிறது. நாங்கள் எடுப்பது பொழுதுபோக்கு நிகழ்ச்சி. விண்ணப்பப் படிவத்தையும் விசாரணைத் தேதியையும் யார் உட்கார்ந்து பார்ப்பார்கள் என்பீர்கள். நான் பார்ப்பேன், இன்னும் பலரும் பார்ப்பார்கள் என்றே நினைக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரரே எழுந்து நின்று தனக்கு எதிராகப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருக்கும் ஒருவரின் முகத்தைவிட நாடகத் தன்மை கொண்டது, சிகையலங்காரக் காட்சியில் என்ன இருக்கிறது? ரியாலிட்டி நிகழ்ச்சி என்ற வகைமைக்கு உருமாற்றக் காட்சியின்மேல் தீராத ஆசை. அழுத கண், புதிய ஒப்பனை, கைதட்டல் என்ற வரிசை கைவிட்டுப் போய்விடுமோ என்று அஞ்சுகிறீர்கள். உங்கள் தொடர் அந்த வரிசையை மற்றவர்களைவிட நேர்மையாகக் கையாண்டது. ஆனால் அதை விட்டு வெளியே வரவில்லை.

அந்த வரிசையின் இன்னொரு விளைவும் உண்டு. முதல்முறை வேடமிடுபவரே கதாநாயகராகிறார். பயிற்சி இல்லாதவர், தயங்குபவர், சில நேரம் பாலின, பாலீர்ப்புச் சிறுபான்மையினர் சமூகத்தைச் சேராத நல்லெண்ணம் கொண்ட தந்தையோ நண்பரோ. அவர்களுடைய கதைகள் நெகிழ்ச்சியானவை, மறுக்கவில்லை. ஆனால் அதே ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஏற்கெனவே தன் உடையைத் தானே தைத்து ஆடிவரும் உள்ளூர்க் கலைஞர் பெரும்பாலும் ஓரத்துக்குப் போய்விடுகிறார். டிராக் என்பது வெளியூரிலிருந்து மூன்று வாகனங்களில் வந்து இறங்கும் பொருள் என்ற எண்ணத்தை இது உறுதிப்படுத்துகிறது. எதிர்ப்பவர்கள் சொல்வதும் அதையேதான்: இது எங்கள் ஊரில் இல்லாதது, வெளியிலிருந்து வந்தது. அவர்கள் வாதத்துக்கு நீங்கள் தெரியாமல் படம் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை.

எனவே, இத்தொடரின் அடுத்த வடிவத்தையோ இதே திசையில் வேறொரு தொடரையோ எடுப்பதானால், என் வேண்டுகோள் இதுதான். நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஊரில் உள்ளூர்க் குழுவே தன் பெயரில் நிகழ்ச்சியை நடத்தட்டும். நீங்கள் அதற்கு விருந்தாளியாகப் போங்கள். அனுமதி அவர்கள் பெயரில் இருந்தால், அடுத்த ஆண்டு மறுக்கும்போது நகரம் பதில் சொல்ல வேண்டியது, தான் ஏற்கெனவே அனுமதி கொடுத்த ஒருவருக்கு. 2023இல் செயின்ட் ஜார்ஜ் செய்ததுபோலப் பழைய நிகழ்ச்சிகளை மட்டும் தொடரவிடும் ஊரில் இந்த ஒரு தாள் எவ்வளவு பெரிய காப்பு என்று உங்கள் வழக்கறிஞர்களே சொல்வார்கள். மேடையேறும் உள்ளூர்க் கலைஞர்களுக்கு மற்றக் கலைஞர்களைப் போல ஊதியமும் பெயர்ப்பட்டியலில் இடமும் கொடுங்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒதுக்கும் செலவில் ஒரு பங்கை அந்த ஊரின் அடுத்த நிகழ்ச்சிக்கான காப்பீட்டுக்கும் பாதுகாப்புக்கும் சட்ட ஆலோசனைக்கும் விட்டுவிட்டு வாருங்கள். பிரமாண்டமான ஓர் உடையின் செலவைக் குறைத்தால்கூட இதில் ஒரு பகுதி தேறும் என்பது என் எண்ணம். ஓராண்டு கழித்துத் திரும்பிப் போங்கள். அப்போது எடுக்கும் பகுதியில் உங்கள் நட்சத்திரங்கள் திரையில் தோன்ற வேண்டிய அவசியமே இல்லை.

எந்த ஊரில் தொடங்கலாம் என்று கேட்டால், செயின்ட் ஜார்ஜையே சொல்வேன். நீதிமன்ற ஆணையோடு பூங்காவில் ஆடியவர்கள் அங்கே இருக்கிறார்கள். அவர்களை மறுத்த வாதங்களும் மன்றத்தின் பதிவேடுகளில் இருக்கின்றன. சட்டம் என்ன சொல்கிறதென்று எடுத்துச் சொல்லிவிட்டு வேலையை இழந்த ஓர் அதிகாரியின் கதையும், டிராக் பிடிக்கும் பிடிக்காது என்பதையெல்லாம் தாண்டி, சிற்றூர் நிர்வாகம் எப்படி நடக்கிறது என்று அறிய விரும்பும் எவருக்கும் பயன்படும். பட்டிரீனியின் புகைப்படமும் இன்று வரை கிடைக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் தொடரின் தமிழ்ப் பார்வையாளர் ஒருவர்